அக்கா மதகில் இறங்கிய நாள்

லாரியின் பின்பக்கச் சங்கிலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மிதிக்காமலே சைக்கிளில் பறந்து வந்த பையன் என் மகன்தான் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. பூந்தமல்லி சாலையில் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அவனுக்குப் பின்னால் அவனுடைய சிநேகிதர்கள் கூவிக்கொண்டே வந்தார்கள். லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. அப்போதுதான் சட்டையைக் கவனித்தேன். காலையில் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை.

வீட்டுக்கு வந்தவனை அடிக்கக் கையை ஓங்கினேன். ஆனால் அடிக்கவில்லை. இந்த வருடம் அவனுக்கு முகமெல்லாம் பரு. கண்ணாடி முன்னால் நெடுநேரம் நிற்பான். யாராவது வந்தால் சட்டென்று நகர்ந்து சீப்பைத் தேடுவது போல் பாவனை செய்வான். இப்போது அந்த முகத்தை நிமிர்த்திக்கொண்டு, "ஒண்ணும் ஆவலியேம்மா. பசங்க அத்தினி பேரும் என்னையே பாத்துக்கினு இருந்தானுங்க, தெரியுமா?" என்றான்.

இந்த வயதில் எல்லாப் பையன்களும் இப்படித்தான் என்று அவனுடைய அப்பா பேப்பரை மடக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். என்னால் அப்படி விட முடியவில்லை. பசங்கள் பார்த்ததைச் சொன்னபோது பையன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தை நான் முன்பு ஒருமுறை, வேறொரு முகத்தில், மிகக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

அது வெள்ளைக்காரன் காலம். ஆவடியில் பட்டாளத்துக் கொட்டகைகள் முளைப்பதற்கு முன்பு. மேனாம்பேட்டில் எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை இருந்தது, ஏரி மதகுக்கு நேர் கீழே. வீட்டில் அப்பா, அம்மா, சித்தப்பா, அக்கா, நான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் பிறந்தவை தங்கவில்லை. அதனால் நான் வீட்டுக்குள் ஓடித் திரிகிற சிறுமியாக இருந்தபோதே அவளுக்குக் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

அதற்குச் சில வருடங்கள் முன்பு அக்காவுக்குப் பெரியம்மை வந்திருந்தது. பிழைக்க மாட்டாள் என்று எல்லோரும் முடிவு செய்த பிறகு பிழைத்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையை எடுத்துப்போட்டுவிட்டுப் பார்த்தபோது, முகத்தில் விரல் நுனி புதையும் அளவுக்குப் பள்ளங்கள். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை அம்மா அந்த வாரமே பரண் மேல் வைத்துவிட்டாள். பிறகு அது இறங்கவில்லை. நான் தலை வாரிக்கொள்ள வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும். அக்கா எங்கும் போகவில்லை. தன் முகம் எப்படி இருக்கிறது என்பதை அவள் எங்கள் முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் அம்மைத் தழும்பை யாரும் பழித்துப் பேச மாட்டார்கள். அது ஆத்தா போட்ட முத்து. அதை அசிங்கம் என்று சொன்ன நாக்கு அழுகிவிடும். நொண்டியை நொண்டி என்பார்கள், கறுப்பியைக் கறுப்பி என்பார்கள், அக்காவை மட்டும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பேசும்போது அவளுடைய தோளுக்கு மேலே எங்கோ பார்த்துப் பேசுவார்கள். இது மரியாதை என்றே நான் நினைத்திருந்தேன்.

இன்னொரு மரியாதையும் இருந்தது. ஒருமுறை அம்மை கண்டு பிழைத்தவர்களுக்கு மறுபடி வராது அல்லவா? அதனால் எந்த வீட்டில் அம்மை போட்டாலும் உள்ளே போய் விசிறவும் நீராகாரம் கொடுக்கவும் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் போவாள், ஒன்றும் ஆகாமல் திரும்புவாள். இதைப் பார்த்துப் பார்த்து ஊர் தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது. ஆத்தா தொட்டு உயிரோடு விட்டவளை வேறெதுவும் தொடாது. அம்மை தொடாது என்றால் பாம்பும் தொடாது, நெருப்பும் தொடாது, தண்ணீரும் தொடாது. வைக்கோல் போருக்கடியில் நல்ல பாம்பு புகுந்தால்கூட, "பெரிய பொண்ண கூப்புடு" என்பார்கள். அக்கா ஒரு கம்போடு வருவாள். எல்லோரும் பின்னால் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். அப்போது மட்டும் அவளை நேராகப் பார்ப்பார்கள்.

பெண் பார்க்க வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்று எனக்குப் பட்டுப் பாவாடை கிடைத்தது. பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வில்வண்டியில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தைக்காரி அக்காவைப் பார்த்தாள், பிறகு மேலே உத்தரத்தைப் பார்த்தாள். "பொண்ணு லட்சணமாத்தான் கீது. ஆத்தா வெளையாண்ட மூஞ்சி, நாம இன்னா சொல்றது? ஊட்டுக்குப் போயி சொல்லி அனுப்புறோம்" என்றாள். எழுந்து போகிறபோது என்னைப் பிடித்து நிறுத்திக் கன்னத்தைக் கிள்ளினாள். "சின்னது மூக்கும் முழியுமா இன்னா ஜோரா கீது பாரு! இது பெரிசானா எங்களுக்குத்தான், ஆமா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒரே பெருமை. அக்கா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர்கள் சொல்லி அனுப்பவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்களும் சொல்லி அனுப்பவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் அக்கா மதகில் முழுக ஆரம்பித்தாள். வயதுக்கு வந்த பெண் ஏரியில் நீந்தக் கூடாது. ஆனால் எருமைகளைக் குளிப்பாட்ட யாராவது போக வேண்டுமே? அம்மா முணுமுணுத்தாள். அப்பா, "ஆத்தா பொண்ணு, உடு" என்றார்.

எங்கள் ஏரி மதகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரையை ஒட்டித் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றுக்கடியில், ஏரியின் தரையில், ஓர் ஆளின் தோள் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அதன் வழியாகத்தான் தண்ணீர் கரைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வாய்க்காலில் விழும். துளையில் ஒரு மரக்கட்டை அடைத்திருக்கும். கட்டையோடு சேர்ந்த நீளமான கம்பு தூண்களுக்கு நடுவில் மேலே வரும். கம்பைத் தூக்கினால் தண்ணீர் போகும், இறக்கினால் நிற்கும். திறந்திருக்கும்போது அந்தப் பக்கம் வாத்துகூடப் போகாது. ஒரு காலத்தில் அங்கே ஒருவன் இழுபட்டு, பாதி உடம்போடு சிக்கிச் செத்தான் என்று சொல்வார்கள்.

மதகு மூடியிருக்கிற நாளில் அக்கா தூணின் உச்சியில் ஏறி நின்று குதிப்பாள். அடியில் போய்த் துளையின் வாயிலிருந்து சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வருவாள். கரையிலிருந்த பையன்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு கரை ஓரம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"டேய், இது நீர்க்காக்காடா! உள்ள போனா வெளியவே வராது போலக்கீது!"

"நீ போயி ஒரு பிடி சேறு எடுத்தா பாப்போம் மச்சான்."

"நானா? எங்கம்மா என்னிய ஒத்தப் புள்ளயா பெத்துகீறா, போடா."

அக்காவுக்கு ஊரில் விழுந்த முதல் பட்டப்பெயர் அந்த நீர்க்காக்கா. அதைக் கேட்டு அவள் கோபப்படவில்லை. ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நான் எருமை முதுகில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்ப்பேன். பயமாகத்தான் இருக்கும். அவள் உள்ளே போனதும் நானும் மூச்சை அடக்கிக்கொள்வேன். எனக்கு மூச்சு முட்டுகிற நேரத்துக்குச் சரியாக அவள் தலை மேலே வந்துவிடும்.

கார்த்திகையில் ஒரு நாள், நல்ல மழைக்குப் பிறகு, ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தண்ணீர் விடுவதற்காகக் கம்பைத் தூக்கினார்கள். ஊறிப்போயிருந்த கம்பு கட்டையோடு சேருகிற இடத்தில் முறிந்துவிட்டது. கட்டையை வெள்ளம் வாய்க்காலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஏரி முழுவதும் அந்த ஒரு துளை வழியாக வயலுக்குள் இறங்கத் தொடங்கியது. பயிரெல்லாம் பால் பிடித்து நின்ற சமயம். எங்கள் வயல்தான் முதலில்.

ஊரே கரையில் கூடிவிட்டது. வழி ஒன்றுதான். பெரிய கல்லை வைக்கோலிலும் சாக்கிலும் சுற்றி, யாராவது அடியில் கொண்டுபோய்த் துளையின் வாய்க்குக் காட்ட வேண்டும். இழுக்கிற தண்ணீரே அதை இழுத்து அடைத்துக்கொள்ளும். ஆனால் கொண்டுபோகிற கையையும் அது சேர்த்து இழுக்கும்.

"யாருனா எறங்குங்கடா! பாத்துக்கினே நிக்கிறீங்க!"

"நீ எறங்கேன் மாமா. வாய் மட்டும் ஏரிக்கரை நீளத்துக்குக் கீது."

"எனக்குப் புள்ளகுட்டி கீதுப்பா."

"எங்களுக்கு மட்டும் இன்னா, கன்னுக்குட்டியா கீது?"

அந்த நேரத்திலும் சிலர் சிரித்தார்கள். பிறகு யாரோ ஒருவர், மெதுவாக, மிகவும் பணிவாக, அப்பாவிடம் சொன்னார்: "அண்ணாத்தே, ஒம் பெரிய பொண்ணு தெனம் முழுகி எழுந்துக்குற எடந்தானே இது. ஆத்தா தொட்ட பொண்ணு. அவள தண்ணி ஒண்ணும் பண்ணாது."

அப்பா வயலைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். பார்த்த வரிசை அதுதான். அப்பா கெட்டவர் இல்லை. ஊர் நம்பியதை அவரும் நம்பினார், அவ்வளவுதான். இப்போது எனக்கு அப்பாவின் அன்றைய வயதைவிட அதிகமாகிவிட்டது. ஆனாலும் அந்த வரிசையை என்னால் மாற்றிப் போட முடியவில்லை.

"நான் போறேன் நைனா" என்றாள் அக்கா. குரலில் பயமே இல்லை.

சித்தப்பா அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டி, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அவள் வைக்கோல் சுற்றிய கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு தூணைப் பிடித்து இறங்கினாள். தண்ணீர் அங்கே சுழித்துக்கொண்டிருந்தது. தலை மறைந்தது. நான் மூச்சை அடக்கினேன். கயிறு மட்டும் சித்தப்பாவின் கைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. என் காதுக்குள் இடி இடிக்கத் தொடங்கியபோது, கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் நின்றவர்கள் கத்தினார்கள்.

"நின்னுபோச்சி! தண்ணி நின்னுபோச்சி!"

அக்காவின் தலை மேலே வந்தது.

அந்தக் கூச்சலை நான் மறுபடி எங்கும் கேட்டதில்லை. ஆண்கள் துண்டை வீசினார்கள். "இவ ஆம்பளையா பொறந்திருக்கணும்டா" என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்கு எந்த உறவும் இல்லாத ஒரு கிழவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அக்காவின் இரண்டு கன்னங்களையும் தடவி நெட்டி முறித்தாள். அந்தக் கன்னத்தை அம்மாவைத் தவிர வேறு யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. அக்கா சொட்டச் சொட்ட நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாக் கண்ணும் அவள் மேல்தான். அவள் முகம் அப்படி ஒளிர்ந்தது. நான் சொன்ன வெளிச்சம் அதுதான்.

ஆனால் சந்தோஷம் ஊருக்கு எவ்வளவு நேரம்தான் இருக்கும்? கொஞ்ச நேரத்தில் பேச்சு புதுக் கம்புக்குப் போய்விட்டது. வேம்பா, பூவரசா என்று ஒரு தகராறு. தச்சனை யார் போய்க் கூப்பிடுவது என்று இன்னொன்று. பையன்கள் வாய்க்காலில் துள்ளிய மீன்களைப் பிடிக்க ஓடினார்கள். சித்தப்பா கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். அப்பா வயலுக்குள் இறங்கிவிட்டார். "ஊட்டுக்குப் போயி தலைய தொவட்டும்மா" என்று யாரோ போகிற போக்கில் சொன்னார்கள், தோளுக்கு மேலே பார்த்து.

அக்கா திரும்பிக்கொண்டிருந்த முதுகுகளைப் பார்த்தாள். வெளிச்சம் அணைந்தது. நான் அவள் காலடியில் நின்றேன், அதனால் எனக்குத் தெரியும்.

"இன்னும் கசியுது!" என்று உரக்கச் சொன்னாள்.

யாரும் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. நான் கரையின் மறுபக்கம் எட்டிப் பார்த்தேன். கசியவில்லை. வாய்க்காலில் சேறுதான் இருந்தது. அதைச் சொல்லத் திரும்புவதற்குள் அவள் தூணின் உச்சியில் இருந்தாள். கயிறு சித்தப்பாவின் தோளில் இருந்தது.

குதித்தாள்.

நான் வழக்கம்போல் மூச்சை அடக்கினேன். முட்டியது. விட்டுவிட்டேன். தண்ணீர் சும்மா இருந்தது. இரண்டாம் முறை மூச்சை இழுத்து அடக்கினேன். அதுவும் முட்டியது. இப்போதும் தண்ணீர் சும்மாவே இருந்தது. மூன்றாம் முறை அடக்க என்னிடம் மூச்சு இல்லை. கத்த வேண்டும் என்று தெரிகிறது, வாய் திறக்கவில்லை. எருமை ஒன்று பக்கத்தில் நிதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அம்மா கரையில் ஏறி ஓடி வந்தாள். ஊருக்கு அப்பால் மேட்டுக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்தவளுக்கு யாரோ போய்ச் செய்தி சொல்லியிருந்தார்கள். முடி அவிழ்ந்து தொங்கியது.

"எங்கடி அவ?"

நான் தண்ணீரைக் காட்டினேன்.

அம்மா போட்ட சத்தத்தில்தான் எல்லோரும் திரும்பினார்கள். அப்பா வயலிலிருந்து கரைமேல் எப்படி வந்தார் என்று தெரியாது, வேட்டியோடு குதித்தார். சித்தப்பா குதித்தார். அம்மா மண்ணில் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டாள். நேற்று பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது என் தொண்டையில் ஏறி வெளியே வராமல் நின்ற சத்தம் இதுதான். எழுதும்போதும் அங்கேயே நிற்கிறது.

அவளுடைய பாவாடை ஓரத்தைக் கல் லேசாக நகர்ந்து விழுந்த இடுக்கு உறிஞ்சிப் பிடித்திருந்தது. விடுவிக்கப் போன இடது கையும் மாட்டியிருந்தது. துணியைக் கிழித்து, கையைப் பிடுங்கி, முடியைப் பிடித்து இழுத்து வந்தார்கள். மணிக்கட்டில் தோல் இல்லை. உதடு நாவற்பழம் தின்றது போல் இருந்தது. குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் வயிறு படக் கிடத்தி முதுகை அழுத்தினார்கள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினார்கள். அப்பா, "யம்மா, யம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார், மகளைக் கூப்பிட்டாரா ஆத்தாவைக் கூப்பிட்டாரா தெரியவில்லை. பிறகு ஏரித் தண்ணீர் அவள் வாயிலிருந்து கொட்டியது. அவள் இருமினாள்.

வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். அம்மா தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். அழுகையும் திட்டும் மாறி மாறி வந்தன. பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து எட்டிப் பார்த்தார்கள். "பாத்தியா, நான் சொன்னேன் இல்ல? ஆத்தா பொண்ண தண்ணி ஒண்ணும் பண்ணாதுன்னு!" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்களுடைய கணக்கு சரியாகிவிட்டது. அப்பா மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்தவர் உள்ளே வரவே இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். அம்மா கஞ்சி வைக்க அடுப்பங்கரைக்குப் போனாள். அக்கா கண்ணைத் திறந்து, கட்டுப் போடாத கையால் என்னைக் கிட்டே கூப்பிட்டாள். குரல் கரகரத்தது.

"பாப்பா, நான் தண்ணிக்குள்ள இருந்தப்ப மேல இன்னா நடந்துச்சி? சொல்லு."

சொன்னேன். அம்மா ஓடி வந்ததையும் எல்லோரும் கத்தியதையும் சொன்னேன்.

"அம்மா அழுதாளா?"

"அழுதா. மண்ணுல பொரண்டு பொரண்டு அழுதா."

"நைனா?"

"நைனா அழுவல. குதிச்சாரு."

அக்கா கூரையைப் பார்த்தாள். கதையில் ஏதோ குறைகிறது என்று எனக்குப் பட்டது. "குதிக்கறதுக்கு முன்னாடி அழுதாரு" என்றேன்.

"மெய்யாலுமா?"

"மெய்யாலும். சித்தப்பாவும் அழுதாரு. மீன் புடிச்ச பசங்கல்லாம் மீன கீழ போட்டுட்டு ஓடியாந்து அழுதானுங்க. எருமகூட அழுதுச்சி."

அக்கா சிரித்தாள். சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் வந்து, கண்ணெல்லாம் வழிந்தது. துடைத்துக்கொண்டு, "மறுபடி மொதல்லேர்ந்து சொல்லு" என்றாள்.

நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவள் இன்னொரு தரம் கேட்டாள். ஒவ்வொரு தரமும் கரையில் கூட்டம் பெருகிக்கொண்டே போனது, அழுகை ஆவடி வரைக்கும் கேட்டது. அக்காவுக்குக் கதை கேட்பதில் இவ்வளவு ஆசை என்று எனக்கு அதுவரை தெரியாது. நாளைக்கு இதைவிட நன்றாகச் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே அவள் பக்கத்தில் தூங்கிப்போனேன்.